வரிசை குறைந்தால் சத்தமும் குறையும்

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளி ஆசிரியை. படிக்கும் காலத்தில் ஜிம்னாஸ்டிக் செய்திருக்கிறேன்; பிறகு சில பயிற்சி முகாம்களுக்கும் போயிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலையிலும் புதன்கிழமை பின்னேரமும் ஒரு மணித்தியாலம் வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கியது. இப்போது 34 பேர். வயது 5 முதல் 13 வரை. மெத்தை இரண்டுதான். தள்ளுகிறார்கள், ஓடுகிறார்கள், ஒருவர் செய்யும்போது மற்றவர் குறுக்கே பாய்கிறார். வகுப்பு முடியும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். போன மாதம் ஒரு பையன் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. முறிவு இல்லை, ஆனால் தாய் அவனை நிறுத்திவிட்டார். சில பெற்றோர் "இரண்டு அடி போட்டால் அடங்குவார்கள், ரீச்சர்" என்கிறார்கள். வேறு சிலருக்கு ஊர் விழாவில் பிள்ளைகள் கரணம் அடித்துக் காட்ட வேண்டுமாம். வகுப்பை விடவும் மனமில்லை, இப்படியே நடத்தவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

வகுப்பை விட வேண்டாம். ஆனால் இப்போது நடக்கும் முறையில் இன்னொரு நாள் நடத்தவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோரைக் கூப்பிடுங்கள். அவர்களோடு என்ன கதைப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள்.

34 பேருக்கு இரண்டு மெத்தை என்றால் ஒரு மெத்தைக்கு 17 பேர். ஒரு பிள்ளை வந்து நின்று, உருண்டு, எழுந்து விலக 20 விநாடி என்று வைப்போம். முறை சுற்றி மறுபடி அதே பிள்ளைக்கு வர 340 விநாடி, அதாவது ஐந்தரை நிமிடத்துக்கும் மேல். ஆரம்பப் பயிற்சியும் வரவுப் பதிவும் போக உங்களிடம் மிஞ்சுவது 40 நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏழு முறை. ஏழு இருபது 140 விநாடி. 40 நிமிடத்தில் உங்கள் பிள்ளை உடம்பை அசைத்தது இரண்டு நிமிடமும் கொஞ்சமும்தான். மிச்சம் 37 நிமிடத்துக்கு மேல் வரிசையில் நிற்கிறது.

ஆறு வயதுப் பிள்ளையை 37 நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் அது முன்னால் நிற்பவரைத் தள்ளத்தான் செய்யும். அதைக் குழப்படி என்று சொல்ல எனக்கு மனம் வராது. விளையாட வந்த பிள்ளை, விளையாட இடம் கிடைக்காமல் தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் பையனின் மணிக்கட்டு வீங்கியதற்கும் மூலம் அநேகமாக இந்த நெருக்கடிதான். ஆகவே முதலில் திருத்த வேண்டியது வரிசையை. பிள்ளைகளை அடிப்பது பற்றிச் சொன்னவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூடவே கூடாது. பயந்த பிள்ளையின் உடம்பு இறுகும். இறுகிய உடம்போடு உருளும் பிள்ளைதான் கழுத்தில் விழுகிறது.

சரி, வரிசையை எப்படிக் குறைப்பது?

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 5 முதல் 8 வயது வரை ஒன்று, 9 முதல் 13 வரை மற்றது. 13 வயதுப் பையனின் நிறை ஐந்து வயதுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். இருவரும் ஒரே தரையில் ஓடி மோதினால் யாருக்கு அடிபடும் என்று சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை ஏழரைக்குச் சின்னவர்களைத் தொடங்கி எட்டேகாலுக்கு முடியுங்கள். அவர்களுக்கு 45 நிமிடம் போதும். எட்டரை முதல் ஒன்பதரை வரை பெரியவர்கள். பத்து மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெயிலில் எந்தப் பிள்ளைக்கும் கவனம் நிற்காது. புதன்கிழமை, பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். சாப்பிட்ட கையோடு உருண்டால் வாந்திதான். மூன்றரைக்குத் தொடங்கினால் இரண்டு பிரிவும் ஐந்து இருபதுக்கு முடியும். அதைத் தாண்ட விடாதீர்கள். யானை வரும் ஊர்களும் தெருவிளக்கு இல்லாத வீதிகளும் நம்மிடம் நிறைய. பிள்ளைகள் பொழுது பட முன்னர் வீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு பிரிவில் பதினாறு, பதினேழு பேர். அவர்களையும் ஒரே வரிசையில் விடாமல் நான்கு நான்கு பேராக்கி, மண்டபத்தில் நான்கு இடங்கள் போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆறு நிமிடம், மாறுவதற்கு ஒரு நிமிடம். மொத்தம் 28 நிமிடம். முன்னால் வரவும் உடம்பு சூடாக்கவும் 13 நிமிடம், கடைசியில் அமைதியாகப் படுத்து மூச்சுவிட 4 நிமிடம். 45 நிமிடம் முடிந்துவிட்டது.

எந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பயிற்றுநரின் மூளை வேலை செய்ய வேண்டும். நீங்கள் ஒருத்தி. உங்கள் கை ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆகவே ஆபத்துள்ள வேலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். அங்கே நீங்கள் நில்லுங்கள். மற்ற மூன்றிலும் யாரும் பிடிக்காமலே ஒரு பிள்ளை பத்திரமாகச் செய்யக்கூடியது மட்டும்.

முதல் மெத்தை உருள்வதற்கு. அது உங்கள் இடம். நான்கு பேர் என்பதால் அந்த ஆறு நிமிடத்துக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் நான்கு முறை வந்துவிடும். முன்பு 40 நிமிடத்தில் கிடைத்தது ஏழு.

இரண்டாவது மெத்தை குதித்து நிற்பதற்கு. முழங்காலுக்குக் கீழே உயரமுள்ள, ஆடாத ஒரு படியோ பெட்டியோ போதும். குதித்து, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, முழங்காலை மடித்து, கைகளை முன்னால் நீட்டி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஜிம்னாஸ்டிக்கில் எதைச் செய்தாலும் கடைசியில் தரைக்கு வந்துதான் ஆக வேண்டும். தரைக்கு வரத் தெரிந்த பிள்ளைக்குக் காயம் குறைவு.

மூன்றாவதுக்கு மெத்தை தேவையில்லை. போட்டியில் மேலே ஏறிச் செய்துகாட்டும் ஒடுங்கிய சமநிலைச் சட்டத்தின் நீளம் 5 மீற்றர், அகலம் 10 சென்ரிமீற்றர். அதே அளவில் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். அதற்குள் நடப்பது, நுனிக்காலில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, நடுவில் நின்று திரும்புவது. ஒலிம்பிக்கில் அதே அகலம்தான், 125 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், அந்தக் கோட்டை விட்டு விலக மாட்டார்கள். ஒரு மாதம் போனதும், நன்றாகச் சீவித் தேய்த்த பலகை ஒன்றைத் தரையோடு தரையாக வையுங்கள். பனஞ்சிலாகை கிடைக்கிறதே என்று அப்படியே போட்டுவிடாதீர்கள், சிராய் ஏறும்.

நான்காவது, கைக்குப் பலம் தரும் வேலை. கரடி நடை, நண்டு நடை, சுவரில் பாதம் வைத்துக் கைகளால் உடம்பைத் தாங்குவது. பெரியவர்களுக்குக் கயிறடித்தலும் சேர்க்கலாம். கார்ட்வீல், அதாவது கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்வது, கேட்டு அவர்கள் நச்சரிப்பார்கள். கைகளால் இருபது விநாடி உடம்பைத் தாங்க முடிந்தவர்களுக்கு அடுத்த மாதம் என்று சொல்லுங்கள். உழைப்பார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். உங்கள் முதுகு எப்போதும் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். உருளும் மெத்தையை மண்டபத்தின் மூலையில் போட்டு, மூலைக்கு முதுகு காட்டி முழந்தாளிட்டால் நான்கு இடமும் ஒரே பார்வையில் விழும். நடுவில் நின்றால் பாதிப் பிள்ளைகள் எப்போதும் உங்களுக்குப் பின்னால்தான். எல்லா மெத்தையிலும் உருள்வதும் குதிப்பதும் ஒரே திசையில் இருக்கட்டும். பிள்ளைகள் திரும்பி வரும் வழியை வெண்கட்டியால் வேறாகக் கீறிவிடுங்கள். குறுக்கே பாய்வது அன்றைக்கே பாதியாகும்.

தொண்டை அடைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். சின்ன வட்டங்களைத் தரையில் கீறி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள். செருப்பு வாசலில் சோடியாக, தண்ணீர்ப் போத்தல் சுவரோரம், பிள்ளை தன் வட்டத்தில். உள்ளே வந்ததும் நடப்பது ஒவ்வொரு நாளும் இதுவாக இருக்கட்டும். நீங்கள் கை தட்டும் ஒரு தாளம்; பிள்ளைகள் அதைத் திருப்பித் தட்டிவிட்டு இருக்க வேண்டும். எல்லாரும் தரையில் இருந்த பிறகுதான் நீங்கள் வாய் திறக்க வேண்டும். திறந்தாலும் மூன்று வசனம், ஒரு தடவை செய்துகாட்டல், உடனே தொடக்கம். பிழை திருத்தும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். "நாடியை உள்ளே வை" என்றால் அன்றைக்கு அது மட்டும். காலைப் பற்றி அடுத்த கிழமை.

12, 13 வயதுப் பெண்பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள். மெத்தை விரிக்கவும் செய்துகாட்டவும் சின்னவர்களைக் கைபிடித்து அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போகவும் அவர்கள் நல்லவர்கள். ஆனால் உருளும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ஒருபோதும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம். அது பயிற்சி எடுத்த பெரியவரின் வேலை.

முன்னோக்கி உருள்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகமான வகுப்புகளில் இதைத்தான் முதல் நாளே செய்ய விடுகிறார்கள். சின்னப் பிள்ளையின் தலை உடம்போடு பார்க்கும்போது பெரிது, கழுத்துத் தசை பலம் குறைவு. ஆகவே முதல் இரண்டு கிழமை முதுகில் ஆடுவது மட்டும்: முழங்காலைக் கட்டிப்பிடித்து, நாடியை நெஞ்சோடு ஒட்டி, முன்னும் பின்னும். பிறகு சரிவில் உருள்வது. மெத்தையின் ஒரு தலைப்புக்குக் கீழே உறுதியான பலகையோ இன்னொரு தடித்த பாயோ வைத்தால் சரிவு கிடைக்கும். இறக்கம் உடம்பைத் தானாகக் கொண்டுபோகும், கழுத்தில் பாரம் இறங்காது. நீங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரு கையைப் பின்தலையில் வைத்து நாடி உள்ளே போக உதவுங்கள். மற்றக் கை தொடையின் கீழே. இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். உச்சந்தலை தரையில் ஊன்றினால் அந்தப் பிள்ளை இன்னும் தயாரில்லை. ஆடும் பயிற்சிக்குத் திரும்பட்டும். பின்னோக்கி உருள்வது கழுத்துக்கு இன்னும் பாரம். அதைச் சின்னவர்களுக்கு இந்த வருடம் எடுக்கவே வேண்டாம். காலை அகட்டி நெகிழ்க்கும் பயிற்சியில் பிள்ளையின் தோளையோ தொடையையோ யாரும் அழுத்தக் கூடாது. எவ்வளவு போகிறதோ அவ்வளவு.

மெத்தை குறைவு என்று வீட்டுப் பஞ்சு மெத்தையைக் கொண்டுவருவார்கள். கால் புதைந்து கணுக்கால் பிரளும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். தும்பு மெத்தை கொஞ்சம் கடினம், ஆனால் உருள அது பரவாயில்லை. மேலே தடித்த துணி உறை போட்டுக் கட்டுங்கள். இரண்டு மெத்தையைச் சேர்த்துப் போட்டால் இடையில் நீக்கல் விடாமல் கயிற்றால் இறுக்குங்கள், அந்த நீக்கலில்தான் கால்விரல் மாட்டும். பள்ளிக்கூடத்தில் நீளம் பாய்தல் குழி இருந்தால் அதிபரிடம் கேளுங்கள். மண்ணைக் கிளறி, கண்ணாடித் துண்டு, முள் பார்த்து எடுத்த பிறகு, குதித்து நிற்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மண்டபத்தில் இடம் போதவில்லை என்று பற்றை வெட்டிப் புதிய நிலத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். நம் மண்ணில் வெடிபொருள் இன்னும் கண்டெடுக்கப்படுகிறது. ஊர்ச் சனம் நாளும் நடமாடும் இடம் மட்டும். மாரியில் மண்டபத்துக்குள் தண்ணீர் அடித்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. ஈரச் சீமெந்தில் வெறுங்கால் நிற்காது.

அந்தப் பையனின் வீட்டுக்கு நீங்களே போங்கள். தொலைபேசியில் வேண்டாம். என்ன நடந்தது, இனி என்ன மாற்றப் போகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். தாயின் பயத்தை மிகை என்று நினைக்க வேண்டாம். 2009 போரைக் கடந்து வந்த குடும்பங்களில் பிள்ளைக்கு ஒரு சின்ன வீக்கம் வந்தாலும் அது சின்ன வீக்கமாகத் தெரியாது. அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டாம். வந்து ஒரு நாள் வகுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி யாராவது விழுந்தால்: வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் ஏற்படும் காயம் வெளியில் வீக்கமாக மட்டும் தெரியலாம். எண்ணெய் போட்டு உருவ விடாமல், அசையாமல் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் பிள்ளையைத் தூக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நடந்ததை ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன செய்யும்போது என்று எழுதி வையுங்கள். அத்தோடு, விழும் பயிற்சியையும் வகுப்பில் சேருங்கள்: பின்னால் விழும்போது கையை நீட்டி ஊன்றாமல், கைகளை நெஞ்சோடு சேர்த்து, குந்தி, முதுகில் உருள்வது. மணிக்கட்டுகளைக் காப்பாற்றுவது இதுதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு வருவோம். வகுப்பு இரண்டாகப் பிரிவதையும் நேரத்தையும் முதலில் சொல்லுங்கள். உடுப்பு: அரைக் காற்சட்டையோ லெகிங்ஸோ, உள்ளே சொருகிய ரீசேர்ட். காப்பு, சங்கிலி, தோடு கழற்ற வேண்டும், தலைமுடி கட்ட வேண்டும். விலை கூடிய உடுப்பு எதுவும் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள், அதற்குப் பயந்தே வராத பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்புக் காசை ஒரு தாய் பொறுப்பெடுத்துக் கணக்கு வைக்கட்டும். கட்ட முடியாதவர் யார் என்பது அவருக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

இந்த விளையாட்டில் பிள்ளையைத் தொட்டுத்தான் உதவ வேண்டும். எங்கே, ஏன் தொடுவீர்கள் என்பதைப் பெற்றோருக்கு முன்னாலேயே ஒரு பிள்ளையை வைத்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். மண்டபக் கதவு திறந்திருக்கட்டும், எப்போதும் இன்னொரு பெரியவர் உள்ளே இருக்கட்டும். சுழற்சி முறையில் ஒரு தாய் வந்து வரவு எடுத்தால் இரண்டு வேலையும் நடக்கும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

விழாவில் கரணம் வேண்டும் என்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருப்பது தெரிகிறது. மேடையின் பலகையிலோ சீமெந்திலோ அந்தரக் கரணம் கிடையாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அதற்குப் பதிலாகப் பதினாறு பிள்ளைகள் ஒரே தாளத்தில் நடந்து, குதித்து, அசையாமல் நின்று காட்டட்டும். சனம் கை தட்டும். ஏன் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனெச்சி ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கின் முதல் முழுப் பத்துப் புள்ளியைப் பெற்றபோது வயது 14. இன்றைய விதிப்படி அந்த வயதில் அவர் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது. 1997இலிருந்து பெண்களுக்குப் போட்டி நடக்கும் வருடத்தில் 16 வயது ஆக வேண்டும். பிள்ளைகளின் உடம்பை முந்திப் பிழிகிறார்கள் என்பதால் வந்த விதி அது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையிலிருந்து முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்கில் இறங்கிய மில்கா கெஹானிக்கு அப்போது 18. உங்கள் ஆறு வயதுக்காரிக்குப் பத்து வருடம் இருக்கிறது.

அந்தப் பத்து வருடத்தில் தரம் ஐந்து புலமைப்பரிசில் வரும், ரியூசன் வரும், பிள்ளைகள் நிற்பார்கள். நின்ற பிள்ளையின் பெயரைக் கொப்பியில் வெட்ட வேண்டாம். பரீட்சை முடிந்த கிழமை வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு மாதம் இந்த முறையில் நடத்திப் பார்த்துவிட்டு மண்டபத்தின் நீள அகலத்தையும், வாசல், யன்னல், தூண் எங்கே என்பதையும் கையால் கீறி அனுப்புங்கள். பெரியவர்களுக்குக் கைகளில் நிற்கும் பயிற்சியை எந்தச் சுவரில் தொடங்குவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.